நான்கு கிலோ பம்பருக்கு 64 கிலோவுக்கான கூரியர் கட்டணமா?

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கார் பம்பர் அனுப்பச் சொன்னால், நான்கு கிலோ பொருளுக்கு 64 கிலோ என்று கணக்குக் காட்டுகிறார்கள், இது ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகக் கடை வைத்து, வெளியூர் ஒர்க்‌ஷாப்புகளுக்கு அன்றாடம் பார்சல் போடுபவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்குப் பழக்கம்.

பெட்டியின் எடை, அது அடைத்துக்கொள்ளும் இடம் ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கூரியரில் கட்டணம் போடுவார்கள். நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது பரவலான வழக்கம்; 160, 50, 40 என்ற அளவுள்ள பம்பர் பெட்டி இதன்படி சரியாக 64 கிலோ ஆகிறது. பம்பரின் வளைவுக்குள் இருக்கும் வெற்றிடத்துக்கும் நீங்களே வாடகை தருகிறீர்கள். பிரேக் பேடு, கிளட்ச் பிளேட் போன்ற சிறிய, கனமான பாகங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றைத் தயங்காமல் கூரியரில் வாங்கலாம்.

பம்பரையும் பானெட்டையும் நான் லாரி பார்சலில் 'டு பே' முறையில்தான் (சரக்கை எடுக்கும்போது வாங்குபவரே வாடகை கட்டுவது) அனுப்புகிறேன். வாடகை வெகுவாகக் குறையும். ஆனால் நீங்களே அவர்களுடைய குடோனுக்குச் சென்று எடுக்க வேண்டியிருக்கும். அங்கே கையெழுத்துப் போடுவதற்கு முன் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். ஒருமுறை நான் அனுப்பிய ஹெட்லைட்டின் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. பின்புறம் போல்ட் மாட்டும் பிளாஸ்டிக் காது மட்டும் முறிந்திருந்தது. வாடிக்கையாளர் அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டுவிட்டார். மாற்று விளக்கின் செலவை நாங்கள் இருவரும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொண்டோம். அதன்பின் அந்தக் காதுகளுக்குத் தனியாகத் தெர்மாகோல் வைக்காமல் எந்த விளக்கையும் நான் கட்டுவதில்லை.

சேதம் தெரிந்தால் அதை டெலிவரி நகலிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். 2007 ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி வழக்குத் தொடர வேண்டுமானால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும் (ஒரு பம்பருக்காக யாரும் நீதிமன்றம் போகமாட்டார்கள் என்பது வேறு விஷயம்).

பணம் கட்டுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் கடைக்காரருக்கு அனுப்பி, ஃபாக் லேம்ப் துளை உள்ள பம்பரா இல்லாததா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மாறி வந்தால் அதே 64 கிலோவைத் திருப்பியும் அனுப்ப வேண்டியிருக்கும்.