வேளச்சேரி வெள்ளமும் மனிதகுலத்தின் கவலையும்

அன்புள்ள ஐயா,

மனித இனம் அடியோடு அழியும் வாய்ப்பைக் குறைப்பதே இக்காலத்தின் தலையாய வேலை என்று எழுதியிருந்தீர்கள். கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் என் மகள் அதை எனக்குப் படித்துக்காட்டினாள். நாங்கள் சென்னை வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கிறோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அடுத்த மழைக்கு என்ன செய்வது என்று தெரியாதவர்களிடம் ஆயிரம் தலைமுறைக்குப் பின் வருகிறவர்களைப் பற்றிப் பேசுவது, வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு இல்லையா? விண்கல் விழுந்தால் நாம் என்ன செய்துவிட முடியும்?

ஒரு வாசகி, வேளச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

விண்கல்லை முதலில் முடித்துவிடுகிறேன். 2022 செப்டம்பரில் நாசா ஒரு விண்கலத்தை டைமார்ஃபஸ் என்ற சிறுகோள்மீது வேண்டுமென்றே மோதவிட்டது. தன்னைவிடப் பெரிய இன்னொரு சிறுகோளை அது சுற்றிவரும் நேரம் 32 நிமிடம் குறைந்தது. முன்கூட்டியே கண்டுகொண்டால் தள்ளிவிடலாம் என்று தெரிந்தாயிற்று. தவிர, மனிதன் சுமார் 3 லட்சம் ஆண்டுகளாக விண்கல், எரிமலை எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறான். அணுகுண்டோடு வாழ்ந்த அனுபவம் நமக்கு எண்பது ஆண்டுதான். கிருமியை ஆய்வகத்தில் இஷ்டத்துக்குத் திருத்துவது அதைவிடப் புதிது. என் பயமெல்லாம் அங்கேதான். (செயற்கை நுண்ணறிவைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

உங்கள் வீட்டில் அறுபது வயது தாண்டியவர்கள் இருந்தால் அவர்களுடைய மேல்கையைப் பாருங்கள். அநேகமாக அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கும். பெரியம்மைத் தடுப்பு மருந்தான அந்த அம்மைப்பாலைத் தயாரிப்பதற்காகவே 1899-இல் தொடங்கப்பட்டது, நம் கிண்டி கிங் நிலையம். அக்கால முறை இது: கன்றின் தோலை மழித்து, கீறி, கிருமியைத் தேய்ப்பார்கள். சில நாளில் எழும் கொப்புளங்களைச் சுரண்டி எடுத்து கிளிசரினில் கலப்பார்கள். நாற்றமும் அலுப்பும் பிடித்த வேலை. அதைச் செய்தவர்கள் மனிதகுலத்தின் எதிர்காலத்தை எண்ணிப் புல்லரித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. முதல் தேதி சம்பளத்தை எண்ணியிருப்பார்கள். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணிக்கப்படும் பெரியம்மை, 1975-இல் இந்தியாவை விட்டுப் போனது. 1980-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில். மறு ஆண்டே இங்கிலாந்தின் பர்மிங்காமில், வைரஸ் ஆய்வகத்துக்கு மேல்தளத்தில் வேலைபார்த்த ஒரு புகைப்படக்காரர் பெரியம்மையில் இறந்தார். இன்றும் அமெரிக்காவில் ஒன்று, ரஷ்யாவில் ஒன்று என இரண்டு ஆய்வகங்களில் அந்த வைரஸை உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். உயிரியல் ஆயுதத் தடை ஒப்பந்தம் 1975 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் கையெழுத்திட்ட நாடு சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறதா என்று நேரில் போய்ச் சோதிக்க அதில் ஏற்பாடே கிடையாது. இந்த ஓட்டையை அடைப்பதைத்தான் நான் வேலை என்றேன்.

ஆயிரம் தலைமுறைக் கணக்கு எனக்கும் ஒட்டாது. இனிப் பிறக்கப்போகும் கோடானுகோடிப் பேரைப் பெருக்கிக்காட்டி, இன்றிருப்பவர்களின் வீட்டு வெள்ளத்தை அற்பமாக்குகிற வாதத்தை நான் ஏற்கவில்லை. உங்கள் மகளுக்கு நாற்பது வயதாகும்போது உலகம் எப்படி இருக்கும் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சுமத்ராவில் நிலம் நடுங்கியபோது நமக்குக் காலை ஆறரை மணி. மெரினாவில் அலை ஏறியது இரண்டு மணி நேரத்துக்கும் பிறகு. இடையில் கரையில் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல். உங்கள் பக்கத்து மழைநீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் குப்பையும் கட்டடமுமாக நிரப்பியபோதும் இதே அலட்சியம்தான். இன்று செலவு, பலன் என்றோ, யாருக்கோ. வடிகாலைத் தூர்வாரி எவரும் தேர்தலில் ஜெயித்ததில்லை. உங்கள் தெரு வெள்ளத்தையும் என் பெரிய கவலையையும் வளர்ப்பது ஒரே புத்திதான் என்பதால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள். நீங்களும் நானும் அதிகம் செய்ய முடியாது. உங்கள் மகளால் முடியும். சாக்கடை நீரில் போலியோ கிருமி தலைகாட்டுகிறதா என்று இந்தியாவில் ஏற்கெனவே சோதிக்கிறார்கள். அதே முறையில் இதுவரை பெயரே வைக்காத கிருமிகளையும் தேட ஆள் வேண்டும். சம்பளம் பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் கம்பெனிகள் தருவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்; அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.