செத்துச் செத்து ஒரு மாதம்

"சமீபத்தில் உங்களைப் பாடாய்ப் படுத்திய வீடியோ கேம் எது? அண்மையில் பார்த்த படங்களில் எது பிடித்தது?" என்பது கேள்வி. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் போன ஒரு மாதமாக என் வாழ்க்கையில் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன, பிரிக்க முடியவில்லை.

கேம், செகிரோ. வாள்சண்டை கேம், 2019-இல் வந்தது, எனக்கு இப்போதுதான் துணிவு வந்தது. படங்கள் நான்கு. நான்கிலும் ஆட்கள் ஒரே நேரத்துக்குள் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறார்கள். திட்டம் போட்டுப் பார்க்கவில்லை. பாஸிடம், அதாவது ஒரு கட்டத்தின் முடிவில் வழிமறிக்கும் பெரிய எதிரியிடம் தோற்று, கடுப்பாகி, கன்ட்ரோலரைக் கீழே வைத்த இரவுகளில் கை தானாக அந்த மாதிரிப் படங்களையே தேடிப் போனது. (செகிரோவின் கடைசிச் சண்டை வரை பேசப் போகிறேன். படங்களிலும் ஒன்றிரண்டு முடிச்சுகளை அவிழ்ப்பேன். வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

செகிரோவைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் முந்தைய கேமான டார்க் சோல்ஸை முன்பே முடித்திருந்தேன். அந்தத் தெம்பில்தான் உள்ளே போனேன், அந்தத் தெம்பே எனக்கு எமனாக வந்தது. டார்க் சோல்ஸ் கற்றுத்தந்த முதல் பாடம், அடி வந்தால் உருண்டு தப்பு. செகிரோவில் உருளவே முடியாது. எதிரியின் வாள் உங்கள் மேல் விழும் அந்த நொடியில் தடுப்பு பட்டனை அழுத்த வேண்டும். 'டங்' என்று ஓசை வரும், பொறி பறக்கும். எதிரிக்கு உயிரைக் காட்டும் கோடு ஒன்று, நிலை குலைவதைக் காட்டும் கோடு இன்னொன்று. உண்மையான சண்டை அந்த இரண்டாவது கோட்டில்தான் நடக்கிறது. சரியாகத் தடுத்துத் தடுத்து அவனை நிலைகுலைய வைத்தால் ஒரே குத்தில் கதை முடியும். மூச்சு வாங்கலாம் என்று நீங்கள் பின்வாங்கினால் அவனும் மூச்சு வாங்கிக்கொள்வான், அந்தக் கோடு இறங்கிவிடும். முதல் இரண்டு வாரம் நான் செகிரோவுக்குள் உட்கார்ந்து டார்க் சோல்ஸ் விளையாடிக்கொண்டிருந்தேன். அஷினா கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்றொரு வில்லாளி வருவான். அவனிடம் எத்தனை முறை செத்தேன் என்று எண்ணவில்லை, எண்ணியிருந்தாலும் இங்கே சொல்லமாட்டேன்.

சாவதற்கு இந்த கேம் வைத்திருக்கும் தண்டனையும் விசித்திரமானது. கையிருப்புக் காசில் பாதி, சேர்த்த அனுபவப் புள்ளிகளில் பாதி போய்விடும், அது பழகிய கணக்குதான். ஆனால் நீங்கள் அதிகம் செத்தால், வழியில் சந்தித்த நல்ல மனிதர்களுக்கு ஒரு நோய் பிடிக்கிறது. இருமத் தொடங்குகிறார்கள். அதற்கு மருந்து உண்டு, கதையில் அவர்கள் அவ்வளவு சீக்கிரம் செத்தும் போவதில்லை. இருந்தாலும் தியானச் சிலை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவன் இருமும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் வாளைத் தடுக்கத் தெரியாமல் நின்றதற்கு அவன் இருமுகிறான்.

கடினமான கேம் எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஆர்கேட் கேம்களில் பாதிக்கு மேல், நம் அடுத்த காசை விழுங்குவதற்கென்றே கடினமாகச் செய்யப்பட்டவை. வீட்டு கன்சோலுக்கு வந்த காண்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை கேமை முப்பது உயிர் தரும் ரகசிய பட்டன் வரிசை இல்லாமல் முடித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஆனால் அவர்களைப் பார்த்துப் பொறாமை இல்லை. 2017-இல் வந்த கெட்டிங் ஓவர் இட் இன்னொரு வகை. அண்டாவுக்குள் இடுப்புவரை மாட்டிக்கொண்ட ஒருவன் சுத்தியலை ஊன்றி ஊன்றி மலை ஏறுகிறான். இடையில் செக்பாயின்ட் கிடையாது. ஒரு வழுக்கல், அரை நாள் உழைப்பு போச்சு. கீழே விழும்போது செய்தவரின் குரலே வந்து தோல்வியைப் பற்றித் தத்துவம் பேசும். புத்திசாலித்தனமான கேம்தான், மறுக்கவில்லை. மூன்றாம் நாள் அழித்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது இரண்டு: செத்தது என் தப்பால்தான் என்று எனக்கே தெரிய வேண்டும், செத்த இடத்துக்குச் சட்டென்று திரும்ப வேண்டும். இந்த இரண்டிலும் 2018-இல் வந்த செலஸ்டேவை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேடலின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை. செத்தால் அரை மூச்சு விடுவதற்குள் அதே திரையில் மீண்டும் நிற்பீர்கள். முடியாதவர்களுக்கு உதவி முறை ஒன்றும் உண்டு. வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே ஏறலாம். கடைசி ஏற்றத்தில் நான் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் ஏறினேன். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் செகிரோவில் அப்படி ஒரு வசதி இல்லாததற்கு இப்போது நன்றி சொல்கிறேன். இருந்திருந்தால் இரண்டாவது வாரமே பயன்படுத்தியிருப்பேன், என் கை எதையும் கற்றிருக்காது. முன்னுக்குப் பின் முரணாகத்தான் பேசுகிறேன், தெரிகிறது. கை வலி, நேரமின்மை என்று உண்மையான காரணம் உள்ளவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது எட்ஜ் ஆஃப் டுமாரோ, 2014. ஆல் யூ நீட் இஸ் கில் என்ற ஜப்பானிய நாவலிலிருந்து எடுத்தது. போர்க்களம் பக்கமே போகாத அதிகாரியாக டாம் குரூஸ். முதல் நாளே செத்து, முந்தைய நாளில் கண் விழிக்கிறார். அப்புறம் சாவு, விழிப்பு, சாவு. எமிலி பிளண்ட் அவருக்குப் பயிற்சி தருகிறார், கால் உடைந்தால் சலிக்காமல் சுட்டு மறுபடி தொடங்க வைக்கிறார். அரங்கமே சிரிக்கும் இடம் அது. கேம் ஆடியவனுக்கு அங்கே ஒரு பொருமல் வரும். எனக்கு இரண்டு வாரம் ஆனதை இவர்கள் நாலு வெட்டில் முடித்துவிட்டார்களே! சலிப்பு, ஒரே தப்பை இருபதாவது முறையும் செய்வது, அதையெல்லாம் எடிட்டிங் மேசையிலேயே விட்டுவிட்டார்கள்.

ஆனால் படத்தின் நடுவில் ஒரு பண்ணை வீடு வருகிறது. இருவரும் முதல் முறை அங்கே வந்த மாதிரிதான் காட்சி தொடங்குகிறது. காபியில் அவளுக்கு எத்தனை சர்க்கரை என்று அவன் கேட்காமலே போடும்போதுதான் அவளுக்கும் நமக்கும் உறைக்கிறது, அவன் இங்கே பலமுறை வந்துவிட்டான். எப்படிப் போனாலும் அவள் இந்த இடத்தைத் தாண்டிப் பிழைப்பதில்லை. வெட்டி எறிந்த அத்தனை சலிப்பையும் ஒரு காபிக் கோப்பையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி எழுந்து நடந்தேன்.

ரன் லோலா ரன் 1998-இல் வந்த ஜெர்மன் படம். இருபது நிமிடத்தில் ஒரு லட்சம் மார்க் திரட்டிக் காதலனைக் காப்பாற்ற லோலா ஓடுகிறாள், மூன்று முறை. முதல் ஓட்டத்தில் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டை எடுக்கத் தெரியாமல் நிற்பாள், காதலன் சொல்லித்தர வேண்டும். இரண்டாவது ஓட்டத்தில் அவளே எடுத்துவிடுகிறாள். முந்தைய ஓட்டம் நினைவிருப்பதாகப் படம் எங்கும் சொல்வதில்லை. கை மட்டும் எப்படியோ கற்றிருக்கிறது. செகிரோவில் எனக்கு நடந்தது சரியாக இதுதான், இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.

கிரவுண்ட்ஹாக் டே பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரே நாளுக்குள் பில் முர்ரே பியானோ கற்றது எனக்குப் பிடிக்கும், மற்றபடி அதில் வரும் காதல் எனக்கு ஒட்டவில்லை.

மாநாடு ஏற்கெனவே பார்த்ததுதான், இந்த முறை வேறு மாதிரி தெரிந்தது. அதில் நாயகன் மட்டும் திரும்பத் திரும்பப் பிறந்துகொண்டிருந்தால் பாதியில் சலித்திருக்கும். எஸ்.ஜே.சூர்யாவுக்கும் போன முறை நடந்ததெல்லாம் நினைவுக்கு வருகிறதே, அங்கேதான் படம் தீப்பிடிக்கிறது. அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒவ்வொரு முறையும் அதே அடி, அதே வரிசை என்று எனக்காகக் காத்திருக்கும் பாஸுக்கும் நினைவு இருந்தால்? நான் எந்தப் பக்கம் ஓடுவேன் என்று அவனும் கற்றுக்கொண்டிருந்தால்? இந்த கேமை யாருமே முடித்திருக்க முடியாது.

செகிரோவின் கடைசி பாஸ் இஷ்ஷின். இருமிய கிழவன் இல்லை, இவன் செத்துப்போன வேறொரு கிழவன், தன் உச்சகால உடம்போடு திரும்பி வருகிறான். முதல் சுற்றில் வாள், இரண்டாவதில் ஈட்டியும் கைத்துப்பாக்கியும், மூன்றாவதில் கூடவே மின்னல். நான் இரண்டாவது சுற்றைத் தாண்டவே இல்லை. ஒருநாள் என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லாதவள். எட்டாவது சாவில் சொன்னாள்: "அண்ணா, அவன் ஈட்டிய எடுத்ததும் நீ பின்னால ஓடுற. ஓடினா சுடுறான். ஓடாம நில்லேன்."

எரிச்சலாக வந்தது. ஆனால் அவள் சொன்னது அப்படியே உண்மை. குத்த வரும் ஈட்டியை நோக்கி முன்னே பாய்ந்து அதைக் காலால் மிதிக்கும் வித்தையை எப்போதோ வாங்கிவைத்திருந்தேன். பயத்தில் பயன்படுத்தியதே இல்லை. நின்றேன். மிதித்தேன். அன்று ஜெயிக்கவில்லை, நான்கு நாள் கழித்துத்தான் விழுந்தான், அப்போது வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கத்தக்கூட முடியவில்லை.

மறுநாள் அவளுக்குக் காட்டுவதற்காக கேமை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். தொடக்கத்திலேயே, இஷ்ஷினோடு மோதிய அதே புல்வெளியில், கெனிச்சிரோவோடு ஒரு சண்டை உண்டு. முதல் முறை எனக்கு அது சில நொடிதான் நீடித்தது. அவன் என் ஆளின் இடது கையை வெட்டிவிட்டான், கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்த முறை அவனை நிதானமாக, ஓர் அடிகூட வாங்காமல் தோற்கடித்தேன். தங்கை கைதட்டினாள். அதற்குள் திரை கேமிலிருந்து காட்சிக்கு மாறியது. எங்கிருந்தோ ஓர் ஆயுதம் பறந்து வந்தது, என் ஆள் அந்தப் பக்கம் திரும்பினான், அந்த இடைவெளியில் கெனிச்சிரோ அதே கையை வெட்டினான்.

"இது போங்கு" என்றாள். கன்ட்ரோலர் என் கையில்தான் இருந்தது. எல்லா பட்டனையும் அழுத்திப் பார்த்தேன்.