ஒடுக்கு எடுக்க வீட்டிலேயே கருவி

கேள்வி: பழைய காரின் கதவில் ஒடுக்கு விழுந்திருக்கிறது. உள்பக்கம் கை போகவில்லை. இழுக்கும் கருவியை நானே செய்யலாமா?

பதில்: வெல்டிங் தெரிந்தால் தாராளமாகச் செய்யலாம். 12 மி.மீ. இரும்புக் கம்பியும், அதில் லேசாக ஓடும்படி நடுவில் துளையிட்ட இரண்டு கிலோ குண்டும் போதும். முன்முனையில் கொக்கி, பின்முனையில் பெரிய நட். நட்டைச் சுற்றிலும் பற்றவையுங்கள். அது விட்டால் குண்டு உங்கள் மேல்தான் வரும்.

பேட்டரி ஒயரைக் கழற்றி, ஒடுக்கில் பெயின்ட்டைச் சுரண்டி, வாஷரைச் செங்குத்தாகப் பற்றவைத்துக் கொக்கியை மாட்டுங்கள். குண்டைப் பின்னால் இழுத்து நட்டில் மோதினால் தகடு வெளியே வரும். முதலில் ஓரம், அப்புறம்தான் நடுக்குழி. சிலர் துளைபோட்டு ஸ்குரூ மாட்டி இழுப்பார்கள். எனக்குப் பிடிக்காது, துரு அங்கேதான் பிடிக்கும்.