72 குழிகளும் 12 மணி நேரப் பகலும்

கேள்வி: எனக்கு வயது 48. தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது கண்டியில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். பாடசாலை விடுமுறைக் காலங்களில் மாமாவுடன் நுவரெலியா கொல்ஃப் மைதானத்துக்குக் கெடியாகப் போய், ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமந்தேன். விளையாட்டையும் அங்கேயே கற்றுக்கொண்டேன். என் தாயார் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜூலை மாதத்தில் புற்றுநோயால் காலமானார். அவரை மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று வந்த அலைச்சலை என்னால் மறக்க முடியவில்லை. இங்கிலாந்தில் ஒரே நாளில் 72 குழிகளை நடந்தே ஆடி நிதி திரட்டுகிறார்கள் என்று அறிந்தேன். அம்மாவின் நினைவு நாளன்று நானும் அப்படி ஆடி, தோட்டப்புற நோயாளிகளின் பயணச் செலவுக்குப் பணம் சேர்க்க விரும்புகிறேன். “அதற்குச் செலவழிக்கும் பணத்தையே கொடுத்துவிடலாமே” என்கிறார் மனைவி. “தொரைமார் விளையாட்டை விளையாடியா நம்ம சனத்துக்குக் காசு சேர்க்கப் போகிறாய்?” என்று நண்பர் கேட்கிறார். எனக்குச் சீனி வருத்தம் உண்டு, குளிசை எடுக்கிறேன். நான் நினைப்பது சரியா?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் நினைப்பது சரி. நீங்கள் குறித்திருக்கும் நாளும் எண்ணிக்கையும்தான் சரியில்லை. அவை இரண்டையும் மாற்றிக்கொண்டால் இந்தக் காரியம் நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் உங்கள் மனைவியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், ஒருவர் தனியாகக் கொடுக்கும் பணம் அவரது சட்டைப்பையின் அளவைத் தாண்டாது. ஊர் பார்க்க நடப்பவரின் பின்னால் ஊரே கொடுக்க வரும். 2011 ஜூலையில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து, தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்காக நிதி திரட்டினார்கள். முழுத் தூரத்தையும் நடந்தவர்கள் சிலரே. ஆயினும் வழியில் ஒரு நாள், அரை நாள் என்று சேர்ந்து நடந்தவர்கள் ஏராளம். தெற்கிலே தொடங்கிய அந்த நடையால் வடக்கிலே ஒரு வைத்தியசாலை பயனடைந்தது. கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவரிடம் பேருந்து இருக்கும்போது ஏன் நடக்கிறாய் என்று நம்மவர் எவரும் கேட்பதில்லை. உடலை வருத்திச் செய்யும் நேர்த்திக்கடனுக்கு நம் மக்களிடையே இருக்கும் மதிப்பு உங்கள் மனைவிக்கும் தெரியும். அம்மாவுக்காக நீங்கள் நேர்ந்துகொண்டது இது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

நண்பரின் கேள்வி இதைவிட ஆழமானது. நுவரெலியா மைதானம் 1889இல் வெள்ளையரால் அமைக்கப்பட்டது என்பதும், தோட்டத்துத் துரைமார் அங்கே ஆடினார்கள் என்பதும் உண்மை. அதே புல்வெளியில் பை சுமந்தவர்கள் யார், தொலைந்த பந்தைப் புதருக்குள் புகுந்து தேடியவர்கள் யார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பை சுமந்த பையனே மட்டையைப் பிடித்து, தன் தாயைப் போன்றவர்களுக்காக அந்த மைதானத்தைப் பலமுறை சுற்றி வரும்போது, அது வெறும் துரைமார் விளையாட்டாக இருந்துவிடாது. 2023இல், மலையகத்துக்கு நாம் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். காட்டு வழியே வந்து மடிந்த முன்னோரின் பாதையை அவர்கள் கால்களாலேயே நினைவுகூர்ந்தார்கள். உங்கள் நடையையும் அந்த வரிசையில் வைத்தே நான் பார்க்கிறேன்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் மக்மில்லன் என்ற புற்றுநோய் ஆதரவு அமைப்புக்காக ஒரே நாளில் 72 குழிகள், அதாவது நான்கு முழுச் சுற்றுகள், ஆடுகிறார்கள். அதற்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயரே ‘மிக நீண்ட பகல்’ என்பதுதான். ஜூன் மாதத்து லண்டனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. நுவரெலியாவோ பூமத்திய ரேகைக்கு அருகில், ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலிலும் நமக்குக் கிடைப்பது சுமார் பன்னிரண்டரை மணி நேரம்தான். துணைக்கு ஒருவரோடு விரைவாக ஆடினாலும் நடந்து ஒரு சுற்றை முடிக்க மூன்று மணி நேரம் வேண்டும். நான்கு சுற்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால், உணவுக்கும் மழைக்கும் கால் கழுவி உறை மாற்றுவதற்கும் எந்த நேரம் மிஞ்சும்? அவர்களது எண்ணிக்கை அவர்களது பகலுக்கு ஏற்றது. உங்களுக்கு ஏற்றது மூன்று சுற்றுகள், 54 குழிகள். ஒரு சுற்றுக்கு 8 முதல் 10 கிலோமீற்றர் வரை நடக்க நேர்வதால், 54 குழிகளுக்கே 24 முதல் 30 கிலோமீற்றர் ஆகிவிடும். அதுவும் ஏற்ற இறக்கத்தோடு, கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல். எண்ணிக்கையைக் குறைத்துவிட்டதாக யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

நாளைப் பற்றி. ஜூலை என்பது தென்மேற்குப் பருவமழைக் காலம். காற்றும் மூடுபனியும் சேர்ந்து, அடித்த பந்து எங்கே விழுந்தது என்றே தெரியாமல் போகும் நாட்களை நீங்கள் சிறுவயதிலேயே பார்த்திருப்பீர்கள். சித்திரையில் வசந்த காலக் கூட்டம் நிறைந்துவிடும். அப்போது கழகத்தில் நாள் கேட்பதே கடினம், பிற்பகல் இடிமின்னலும் உண்டு. பெப்ரவரி பிற்பகுதிக்கும் மார்ச் முதல் வாரத்துக்கும் இடையில், கூட்டமில்லாத ஒரு வாரநாளைக் கேளுங்கள். காலை ஆறரை மணிக்குத் தொடங்கினால் இடைவேளைகளோடும் ஐந்து மணிக்குள் முடித்துவிடலாம். உறைபனி விழுந்த காலையாயின் வெயில் ஏறும்வரை காத்திருங்கள். உறைந்த புல்லின்மேல் நடந்தால் புல் பழுதாகும். இடி கேட்டால் எத்தனையாவது குழியாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

நினைவு நாளைக் கைவிடச் சொல்கிறேன் என்று வருந்த வேண்டாம். அதற்கு வேறொரு வேலை வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

உடம்பைப் பற்றிக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. நாள் குறிப்பதற்கு முன் வைத்தியரைப் பாருங்கள். சீனி வருத்தத்துக்கான சில குளிசைகள் நீண்ட நேர நடையின்போது சீனியின் அளவை அளவுக்கு மீறிக் குறைத்துவிடும்; அன்றைய தினம் மருந்தை எப்படி எடுப்பது என்று உங்கள் மருந்துச் சீட்டைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். குளுக்கோசும் வாழைப்பழமும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் அந்தக் குழியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று எண்ணாமல் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்குக் காலில் வரும் சிறு கொப்புளமும் சிறிய விஷயமல்ல. புதுச் சப்பாத்து வேண்டாம், பழகிய சப்பாத்தையே அணியுங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்பும் காலைத் துடைத்து, விரல் இடுக்குகளைப் பார்த்து, உலர்ந்த காலுறைக்கு மாறுங்கள். குளிர் காற்றில் தாகம் தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் சில குழிகளுக்கு ஒருமுறை கொஞ்சம் நீர் அருந்துங்கள். இப்போதிருந்தே மூன்று மாதம் வாரத்தில் நான்கு நாள் நடந்து பழகுவது நல்லது. சமதரையில் நடந்தால் போதாது. முழங்காலைச் சோதிப்பது இறக்கம்தான் என்பதால், மேடு பள்ளமான வீதிகளில் நடந்து பழகுங்கள். சுற்றுக்கு 90 முறை பந்தை அடிப்பதாக வைத்துக்கொண்டால், மூன்று சுற்றில் 270 முறை மட்டையை வீசுவீர்கள் என்பதை உங்கள் இடுப்பும் உள்ளங்கையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

விதி 14 மட்டைகள் வரை அனுமதிக்கிறது. உங்களுக்கு ஏழு போதும். இதை உங்கள் வசதிக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், உங்களோடு பை சுமந்து வரப்போகிறவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கெடியாக இருந்த உங்களிடம் இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன். நீங்கள் நடக்கும் 30 கிலோமீற்றரையும் அவரும் நடப்பார், தோளில் சுமையோடு நடப்பார். பத்திரிகையில் உங்கள் படம் வரும், அவரது படம் வராது. ஆகவே சுற்றுக்கு ஒருவராக மூன்று பேரை அமர்த்துங்கள். தர்ம காரியந்தானே என்று சொல்லிக் கூலியைக் குறைக்காமல், வழமையான கூலியையும் அதற்கு மேலும் உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுங்கள். அவர்களது சாப்பாட்டையும் தேநீரையும் உங்களுடையதோடு சேர்த்தே ஏற்பாடு செய்யுங்கள். அறிவித்தலில் உங்கள் பெயருக்குக் கீழே அவர்களது பெயர்களும், அவர்கள் சம்மதித்தால், இடம்பெறட்டும்.

மைதானக் கட்டணமும் உங்கள் செலவாகவே இருக்கட்டும். மக்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் நோயாளிக்கே போகும் என்று எழுத்தில் சொல்ல முடிந்தால்தான் தயக்கமின்றிக் கையை நீட்ட முடியும். பணத்தை உங்கள் தனிப்பட்ட வங்கிக் கணக்கில் வாங்காதீர்கள். நோயாளர்களுக்கு ஏற்கெனவே உதவிவரும், பதிவுசெய்யப்பட்ட ஒரு சங்கத்தோடு முதலில் பேசி, அவர்களது கணக்குக்கே நேராகப் போகும்படி செய்யுங்கள். குழிக்கு இவ்வளவு என்று வாக்குறுதி தருபவரிடம் மொத்தத் தொகையையும் எழுதிக் காட்டுங்கள்: குழிக்கு 100 ரூபாய் என்பது 54 குழிக்கு 5,400 ரூபாய், 500 என்பது 27,000. ஆர்வத்தில் பெரிய எண்ணைச் சொல்லிவிட்டுப் பின்னர் முகம் கோணுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். லயத்து வீடுகளில் இந்தக் குழிக் கணக்கே வேண்டாம். அங்கே ஒருவர் நூறு ரூபாய் தந்தால் அதற்கும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள்.

எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தானே, பிறகு ஏன் பணம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நுவரெலியாவிலிருந்து மகரகம 150 கிலோமீற்றருக்கு மேல்; கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாட்களாகப் பல வாரங்களுக்குத் தொடர்வது; நோயாளியும் துணைக்குப் போகிறவரும் அங்கேயே தங்க வேண்டும், அந்த நாட்களில் இருவருக்கும் கொழுந்துக் கூலி இல்லை. இந்தச் செலவுக்குப் பயந்து சிகிச்சையைப் பாதியில் விட்டு வீடு திரும்பிய ஒரு தாயை எனக்குத் தெரியும். உங்கள் அறிவித்தலில் கொல்ஃபைப் பற்றி இரண்டு வரியும், இதைப் பற்றி இருபது வரியும் இருக்கட்டும்.

இனி அந்த ஜூலை நாள். மார்ச்சில் ஆடி முடித்ததும், வாக்களித்தவர்களிடம் பணம் வந்து சேரவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். கணக்கை முடித்து, ஒவ்வொரு வரவையும் ஒரே தாளில் எழுதி, அம்மாவின் நினைவு நாளன்று தோட்டத்துக் கோயிலில் பூசை முடிந்தபின், வந்திருப்பவர்கள் முன்னிலையில் அதை வாசித்துச் சங்கத்தாரிடம் ஒப்படையுங்கள். பை சுமந்த மூவரையும் அன்று அழைக்க மறக்க வேண்டாம். குழிக்கு 100 ரூபாய் வீதம் என் பங்கையும் எழுதிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பினால் போதும்.