வீட்டை ஒட்டி நிற்கும் நோய்ப்பட்ட மரங்கள்: கேள்வி பதில்

வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். மரத்தைப் பற்றி எதுவும் கேளுங்கள். ஒரே வேண்டுகோள்: சந்தனமரம் என்றால் ஊரையும் தெருவையும் எழுதாதீர்கள். திருடனும் படிப்பான்.

கேள்வி: ஐயா, எங்கள் பின்கட்டுச் சுவரிலிருந்து 8 அடியில் சந்தனமரம். உச்சி காய்ந்து இலை மஞ்சளாகிறது. ஸ்பைக் நோய் என்கிறார்கள். அரசாங்க மரமாமே, வெட்டினால் ஜெயிலா?

பதில்: முதலில் சட்டம். பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருடையதுதான். 2002-ல் சட்டம் மாறியது, 2008-ல் விதிகள் வந்தன. ஆனால் நீங்களே வெட்டவோ விற்கவோ கூடாது. மாவட்ட வன அலுவலருக்கு மனுக் கொடுங்கள். துறை மூலமாக விற்று உங்களுக்குப் பணம் வரும். பட்டுப்போன மரத்துக்கும் இதே வழிதான். விறகுதானே என்று கோடாரியை எடுத்துவிடாதீர்கள்.

இனி நோய். ஸ்பைக் வந்தால் இலை சிறுத்து, விறைத்து, கணுக்கள் நெருங்கி, கிளை முள் மாதிரி குத்திட்டு நிற்கும். தத்துப்பூச்சி பரப்பும் நுண்ணுயிரால் வருவது, மருந்து கிடையாது. நீங்கள் சொல்வது இலை மஞ்சளாவதும் உச்சி காய்வதும். எனக்குச் சந்தேகம் வேறு. சந்தனம் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் பொருத்தி நீரும் உப்பும் உறிஞ்சி வாழும் மரம். பக்கத்தில் வேம்போ வேறு மரமோ இருந்து, சமீபத்தில் வெட்டினீர்களா? அதைச் சொல்லுங்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருந்தால் இன்றே உடைத்து எடுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): வேப்பமரம் கார்த்திகையில் கருகிப்போனது. வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. தேயிலைக் கொசு என்ற பூச்சி தளிரைக் குத்திச் சாறு உறிஞ்சுகிறது. அந்தக் காயத்தில் பூஞ்சை ஏறி நுனி கருகுகிறது. மழைக்காலம் முடிந்து மாசி, பங்குனியில் துளிர்த்துவிடும். பொறுங்கள்.

கேள்வி: எங்கள் வேம்பும் கருகுகிறது, என்ன மருந்து?

பதில்: மேலே தேவகோட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: முகப்புக்கு எதிரே தெருவில் பெரிய புளியமரம். அடியில் தட்டுத் தட்டாகக் காளான். விழுந்துவிடுமோ?

பதில்: இதற்குத்தான் அவசரம். அடிமரத்தில் தட்டுக்காளான் வந்தால் உள்ளே வேர் மக்கியிருக்கும். மேலே பச்சையாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், காற்றில் அடியோடு சாயும். மரச்சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டமடமவென்று கேட்டால் உள்ளே பொந்து. தெருப் புறம்போக்கு என்பதால் நீங்கள் வெட்டக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு பார்த்து முடிவு செய்யும். யாராவது 2சி பட்டா வைத்திருந்தாலும் அது புளியை உலுக்கிக்கொள்ளும் உரிமைதான், மரத்தை வெட்டும் உரிமை அல்ல. இரவோடு இரவாகத் துளை போட்டு ஆசிட் ஊற்றும் வேலை வேண்டாம். நின்றபடி செத்த மரம் உயிருள்ள மரத்தைவிட ஆபத்தானது.

கேள்வி: பக்கத்து வீட்டு வேம்பில் பால் வடிகிறது. மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று ஊரே கூடிவிட்டது. நோய் என்று சொன்னால் என் மேல் கோபப்படுகிறார்கள்.

பதில்: மரத்தின் சாறு பட்டையின் வெடிப்பு வழியே வெளியே வருகிறது. நாளடைவில் தானே நின்றுவிடும்.

ஒரு ஆச்சி: தம்பி, எங்க அப்பத்தா காலத்திலேயே பால் வடிஞ்ச மரம் எங்க வீட்டில் இருந்துச்சு. நோய்னு சொல்லாதீங்க.

பதில்: ஆச்சி, கும்பிடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. கும்பிட வருகிறவர்கள் மரத்தில் ஆணி அடிக்கிறார்கள், அடியில் கற்பூரம் கொளுத்துகிறார்கள். அதைத்தான் தடுக்கச் சொல்கிறேன். அந்தக் காயத்தில்தான் பூஞ்சை நுழையும்.

இன்னொருவர்: அப்படியென்றால் நூறு வருஷ வீட்டுக்கு ஆபத்தான மரத்தைச் சாமி என்று விட்டுவிடலாமா?

பதில்: பால் வடிவதால் மரம் விழாது அண்ணே. வேர்ப்பகுதியைப் பாருங்கள். ஆச்சி சொன்ன மரம் எத்தனை வருஷம் நின்றது என்று கேளுங்கள்.

ஆச்சி: அப்பத்தா போனதுக்கப்புறமும் முப்பது வருஷம் நின்னுச்சு.

பதில்: போதும். இந்த விவாதத்தை இங்கே நிறுத்துவோம், கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: மொட்டைமாடிக் காரையில் அரசங்கன்று முளைத்திருக்கிறது.

பதில்: விரல் பருமனுக்குள் வேரோடு எடுங்கள். விட்டால் சுண்ணாம்புக் காரையைப் பிளந்துகொண்டு இறங்கும். எடுத்த இடத்தைச் சுண்ணாம்பாலேயே பூசுங்கள்.

கேள்வி: வாசலுக்கு நேரே மரம் இருந்தால் ஆகாதாமே?

பதில்: அது என் துறை அல்ல.

கேள்வி: வேம்பு கருகுகிறது...

பதில்: மூன்றாவது முறை. தேவகோட்டைக்காரருக்குச் சொன்னதேதான்.

சந்தனமரக்காரர்: ஐயா, போன ஆனியில் கிணற்றடி வேம்பை வெட்டினோம். சந்தனத்துக்கும் அதற்கும் ஆறடிதான்.

பதில்: அதுதான் காரணம். பால் கொடுத்த தாயை எடுத்துவிட்டீர்கள். மரத்தைச் சுற்றித் துவரையும், சற்றுத் தள்ளிச் சவுக்கும் வையுங்கள். வெயிலில் தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்த மழை முடியும்வரை கோடாரி வேண்டாம். புதுத் தளிர் சிறுத்து விறைத்து வந்தால் படம் எடுத்துக்கொண்டு நேரே வன அலுவலகம் போங்கள்.