பூக்கடை: கிலோவும் முழமும்

வணக்கம்,

திருமங்கலத்தில் கோவிலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் ஒரு மேசை போடும் அளவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பூக்கடை வைக்கலாம் என்றிருக்கிறேன். கையில் இருபதாயிரம் இருக்கிறது. அத்தை நன்றாகப் பூக் கட்டுவார். தினம் எத்தனை கிலோ மல்லி எடுக்கலாம்? மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் விற்கலாமா? தண்டலுக்கு வாங்கிப் பெரிதாகத் தொடங்கச் சொல்கிறார்கள், சரிதானா?

வாசகி, திருமங்கலம்

அன்புள்ள சகோதரிக்கு,

எத்தனை கிலோ என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் எத்தனை முழம் என்று பாருங்கள். நீங்கள் வாங்குவது கிலோவில், விற்பது முழத்தில். கடையின் நஷ்டமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கிறது.

100 கிராம் மல்லியை நிறுத்து அத்தையிடம் கொடுங்கள். அவர் வழக்கமாகக் கட்டும் நெருக்கத்தில் கட்டட்டும். எத்தனை முழம் வருகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 3 முழம் வந்தால் கிலோவுக்கு 30. அன்று கிலோ 800 ரூபாய், கட்டுக்கூலி 150, நாரும் வண்டியும் 50 என்று வைத்துக்கொள்வோம். ஆக 1,000. முழம் 40 என்று விற்றால், முதல் எடுக்கவே 25 முழம் போக வேண்டும். உங்கள் லாபம் கடைசி 5 முழத்தில் இருக்கிறது. அந்த 5 முழம் கூடையில் தங்கிவிட்டால், நாளெல்லாம் நின்றதற்கு ஒன்றும் இல்லை. அத்தைதானே என்று கூலியைக் கணக்கில் விடாதீர்கள். அவருக்கு உடம்பு முடியாத நாளில் வெளியே கொடுத்துக் கட்டும்போதுதான் விலை போதவில்லை என்று தெரியும்.

அதனால் முதல் இரண்டு வாரம் அரைக் கிலோ மல்லிக்கு மேல் வேண்டாம். ஒரு நோட்டில் தினமும் பூ தீர்ந்த நேரத்தை எழுதுங்கள். தொடர்ந்து மாலை ஆறு மணிக்கு முன்பே தீர்ந்தால் கால் கிலோ கூட்டுங்கள். எட்டு மணிக்கும் மிஞ்சினால் குறையுங்கள். வெள்ளி, பிரதோஷம், பௌர்ணமி, அமாவாசை நாள்களைத் தனியாகக் குறியுங்கள். அவற்றைச் சாதா நாளோடு கலந்தால் கணக்கு பொய் சொல்லும்.

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்குப் போனால் மேலே தெரியும் பூவைப் பார்த்து வாங்காதீர்கள். மூட்டைக்குள் கையை அடிவரை விடுங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் பூ வெந்துகொண்டிருக்கிறது, மாலைக்குள் பழுப்பேறும். கை சொட்டச் சொட்ட ஈரமாக வந்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். மொட்டு முழுக்க வெளுத்துப் பருத்து, வாய் மூடி இருக்க வேண்டும். பச்சை ஓடும் சின்ன மொட்டு, பறித்த பிறகு விரியாது. அதை வாங்கிப் போனவர் அடுத்த முறை பக்கத்துக் கடைக்குப் போவார்.

வந்ததும் மூட்டையைப் பிரித்து நிழலில் பரப்பிச் சூடு ஆற்றுங்கள். வாழைநாரைத்தான் நனைக்க வேண்டும், பூவை அல்ல. கட்டிய சரத்தை ஈரத் துணி விரித்த கூடையில் வாழையிலை போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கி மூடினால் உள்ளேயே வியர்த்து அழுகும். ஃபிரிட்ஜ் நம் தலைக்கு வைக்கும் ஒரு முழத்துக்குச் சரி, வியாபாரத்துக்கு ஆகாது. மணம் இறங்கிவிடும், வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் காம்போரம் பழுக்கும். செண்டு கம்பெனிக்குப் போடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அவர்கள் எடுப்பது வரத்து மலிந்த நாளில் சந்தைக்கு வந்த புது மொட்டை, கடையில் மிஞ்சிய சரத்தை அல்ல.

மல்லி ஒரு மாலைப்பொழுதுக்கான சரக்கு. கடையைத் தாங்க, நாள் தாங்கும் பூ வேண்டும். செவ்வந்தியைத் தண்ணீர் படாமல் காற்றோட்டமாக வைத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும். சம்பங்கியும் அரளியும் கோவில் மாலைக்கு. துளசி, மரிக்கொழுந்து கொஞ்சம். இவற்றைவிட எனக்கு நம்பிக்கை தருவது வாடிக்கைச் சரம். சுற்றியுள்ள கடைகளில் சாமி படத்துக்குத் தினம் இரண்டு முழம் போடப் பேசுங்கள். இருபது கடை சேர்ந்தால், காலையிலேயே 40 முழம் விற்ற கணக்கு.

மார்கழியில் கல்யாணம் இல்லை, விலை இறங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பனிக்கு மல்லி வரத்து சுருங்கி விலை ஏறும். அப்போது முழத்தைக் குட்டையாக்காமல் விலையைச் சொல்லியே ஏற்றுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தினம் அளந்து வாங்குகிறவர்களுக்கு இரண்டு விரல் குறைந்தாலும் தெரியும்.

தண்டல் வேண்டவே வேண்டாம். 9,000 கையில் தந்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குவார்கள். வட்டி ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் தினமும் திருப்பிக் கட்டுவதால், சராசரியாக உங்களிடம் இருக்கும் பணம் சுமார் 4,500தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் என்றால் வருஷத்துக்கு 80 சதவீதத்தைத் தொடும். பூ விற்காத மழை நாளிலும் அந்த 100 எடுத்து வைக்க வேண்டும். மேசை, முத்திரையிட்ட தராசு, குடை, விளக்கு, கூடைகள் வாங்குங்கள். முதல் நாள் சரக்கு 3,000 தாண்டாமல் இருக்கட்டும். மீதியைத் தொடாமல் வையுங்கள். நகராட்சியில் சாலையோர வியாபாரிச் சான்று கேட்டு விண்ணப்பியுங்கள். 2014ஆம் வருஷத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டம் அதற்கு வழி செய்கிறது. 2020இல் வந்த பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாமல் வங்கிக் கடன் கேட்கவும் அந்தச் சான்று உதவும்.

கல்யாண ஆர்டர் வந்தால் மல்லிக்கு இன்றைய விலையைச் சொல்லி ஒப்புக்கொள்ளாதீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் சந்தையில் விலை குதிக்கும். எத்தனை முழம், எத்தனை மாலை என்று எழுதி, பாதிப் பணம் முன்பணமாக வாங்கி, பூ மட்டும் அன்றைய சந்தை விலை, கூலி தனி என்று அந்தச் சீட்டிலேயே போட்டுக் கொடுங்கள்.