வாவிக்கரை விஞ்ஞானம்: ரீச்சரிடம் கேட்டவை

மட்டக்களப்பில் 33 வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள், பெற்றோர், புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். அடிப்படையானவற்றை முதலில் எடுத்திருக்கிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து இளம் ஆசிரியை: ரீச்சர், மின்சுற்றைப் படம் கீறி விளங்கப்படுத்தினேன். எல்லாரும் விளங்கியது என்றார்கள். சோதனையில் அரைவாசிப் பேர், "பல்பைக் கடந்தபின் மின்னோட்டம் குறையும்" என்று எழுதியிருக்கிறார்கள். எங்கே பிழைத்தது?

தங்கச்சி, உங்கள் படத்தில் பிழையில்லை. படத்தைப் பார்க்க முந்தியே பிள்ளையின் மனதில் வேறொரு படம் இருந்தது. வீட்டில் "கரண்ட் கூடச் செலவாகுது" என்றுதானே கேட்டு வளருகிறார்கள்? அந்தப் படத்தை வெளியே எடுக்காமல் மேலே இன்னொன்றை ஒட்டினால் சோதனை அன்று பழையதுதான் எட்டிப்பார்க்கும்.

நான் செய்தது இது. இரண்டு பிள்ளைக்கு ஒரு பெற்றி, ஒரு ரோச் பல்ப், ஒரே ஒரு துண்டு வயர். "எரியவையுங்கள்" என்பேன், வேறொன்றும் சொல்லமாட்டேன். அநேகமானோர் பல்பின் அடிப்புள்ளியை மட்டும் வயரில் தொடுவார்கள். எரியாது. ஒருமுறை பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை பல்பை விரலுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அடிப்புள்ளியைப் பெற்றியின் தலையில் வைத்து, பெற்றியின் அடியிலிருந்து வயரை எடுத்துப் பல்பின் பக்கவாட்டுத் தகரத்தில் தொட்டாள். எரிந்தது. "ரீச்சர், இதுக்கு ரெண்டு வாசல்!" என்று கத்தினாள். சுற்று என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன்.

குறைகிறதா என்ற கேள்விக்கு சைக்கிள் செயினைக் காட்டுங்கள். மிதிக்கிறோம், அந்தக் கணமே பின்சில்லு சுற்றுகிறது. செயின் எங்கேயும் தீர்ந்துபோவதில்லை, போன அளவே திரும்பி வருகிறது. செலவாவது நம் கால் கொடுக்கும் சக்தி. ஒற்றைச் சுற்றில் பல்புக்கு முன்னும் பின்னும், மின்னோட்டத்தை அளக்கும் அம்பியர்மானியை வைத்தால் ஒரே வாசிப்புத்தான். ஆனால் வைக்க முதல் "என்ன காட்டும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதியபின் வையுங்கள். தன் கையால் எழுதியது பிழைக்கும்போதுதான் பிள்ளை யோசிக்கத் தொடங்கும்.

வாழைச்சேனையிலிருந்து தரம் 9 மாணவன்: கச்சான் காற்று ஏன் இப்படிச் சுடுது? அதே காற்றுத்தானே கொழும்புப் பக்கம் மழை தருது?

அருமையான கேள்வி மகன். அதே தென்மேல் பருவக்காற்றுத்தான். கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. உயரப் போகப்போக அமுக்கம் குறைவு, காற்று விரிந்து குளிர்கிறது, நீராவி ஒடுங்கி மழையாகிறது. ஒடுங்கும்போது நீராவி, தான் ஆவியாகும்போது உள்ளெடுத்த மறைவெப்பத்தைக் காற்றுக்கே விட்டுவிடுவதால், முகிலுக்குள் ஏறும் காற்று ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6 பாகைதான் குளிரும்.

மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது காற்று காய்ந்துபோய் இருக்கிறது. கீழே அமுக்கம் கூட, காற்று நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது. காய்ந்த காற்றென்றால் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை. ஏறும்போது இழந்ததிலும் இறங்கும்போது பெற்றது கூட! வைகாசி, ஆனியில் நம் உதடு வெடிப்பதற்குக் கணக்கு இதுதான்.

நெருக்கினால் சூடாகுமா என்று ஐமிச்சமா? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக இருபது தரம் அடித்துவிட்டு, அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்.

சம்மாந்துறையிலிருந்து விவசாயி ஒருவர்: மரம் மண்ணைச் சாப்பிட்டு வளர்றதில்லையாம், காத்தைச் சாப்பிடுதாம் எண்டு மகன் சொல்றான். அப்ப நாங்க ஏன் பசளை போடுறம்?

மகன் சொன்னது சரி தம்பி, நீங்கள் பசளை போடுவதும் சரி. வான் ஹெல்மொன்ட் என்ற ஐரோப்பிய விஞ்ஞானி 90 கிலோ அளவு காய்ந்த மண்ணில் ஒரு வில்லோக் கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் விட்டார். மரம் 74 கிலோ அளவு கூடியது. மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. 1648 இல் இது அச்சில் வந்தது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார், காற்றை மறந்துவிட்டார். மரத்தின் காபன் முழுக்க இலை உள்ளெடுக்கும் காபனீரொட்சைட்டிலிருந்து வருவது. கண்ணுக்குத் தெரியாத காற்றில் இருந்து ஒரு தென்னை எழும்புகிறது என்பதை நம்ப எனக்கே காலம் எடுத்தது.

வைக்கோலை எரித்துப் பாருங்கள். பெரும்பகுதி காற்றோடு போய்விடும், காற்றிலிருந்து வந்தது அல்லவா? மிஞ்சும் சாம்பல் மண்ணிலிருந்து வந்த கனியுப்பு. அளவில் கொஞ்சம்தான், ஆனால் அதில்லாமல் வேளாண்மை இல்லை. யூரியா கொடுக்கும் நைதரசனும் அப்படித்தான்: பயிருக்கு அது உணவல்ல, உணவு செய்யும் இலையைக் கட்டுவதற்கான பொருள்.

காத்தான்குடியிலிருந்து தாய்: பிட்டுக் குழலுக்கு மேலே வெள்ளையாகத் தெரிவதுதானே நீராவி?

இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது அது குளிர்ந்து ஒடுங்கிய சின்னஞ்சிறு நீர்த்துளிகள். கேத்தல் வாயருகே ஒரு சிறு இடைவெளி தெளிவாக இருக்கும், அதற்கப்பால்தான் வெள்ளை தொடங்கும். பிள்ளையைத் தள்ளி நிறுத்திக் காட்டுங்கள், அந்தத் தெளிவான இடம்தான் கையை அவிக்கும்.

திருக்கோவிலிலிருந்து ஓ.எல். மாணவி: திணிவு, நிறை வரைவிலக்கணம் பாடம். வித்தியாசம் மட்டும் விளங்குதில்லை.

தண்ணீரில் நிற்கும் தோணியை நினை மகள். அதன் நிறையைத் தண்ணீர் தாங்கிவிட்டது. ஆனாலும் தள்ளிப் புறப்பட வைக்கப் பலம் வேண்டும், கரைக்கு வரும்போது பிடித்து நிறுத்தவும் பலம் வேண்டும். அசைவை மாற்றவிடாமல் மல்லுக்கட்டுகிறதே, அது திணிவு. பூமி கீழே இழுக்கும் விசை நிறை. ஒரு கிலோ அரிசியின் நிறை இங்கே 9.8 நியூட்டன், சந்திரனில் 1.6 அளவு. அங்கேயும் அது ஒரு கிலோ அரிசிதான், சோறும் அவ்வளவுதான் வரும்.

கல்லடியிலிருந்து பயிலுநர் ஆசிரியர்: ஒலி பற்றிப் படிப்பிக்க நம் ஊரில் உதாரணம் இருக்கிறதா?

கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! வாவிக்குள் இருந்து வரும், பாடும் மீன் என்று நாம் சொல்லும் ஒலியைக் கேட்க நம் ஆட்கள் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பார்கள். ஏன் துடுப்பு? நீரிலிருந்து ஒலி நேரே காற்றுக்குள் வருவது கடினம். நீர்ப்பரப்பில் பட்டதில் ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் வெளியே வரும், மற்றது நீருக்குள்ளேயே தெறித்துவிடும். மரம் திண்மம், நீரின் அதிர்வை வாங்கி எலும்பு வரை கொண்டுவந்து சேர்க்கும். நீரில் ஒலி செக்கனுக்கு 1,500 மீற்றர் அளவு போகும், காற்றில் 340 தான். வகுப்பில் வாளித் தண்ணீருக்குள் இரண்டு கல்லைத் தட்டி, துடுப்போடும் துடுப்பில்லாமலும் கேட்க வையுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து தரம் 6 மாணவி: மத்தியானம் 12 மணிக்கு நிழல் காலடியில விழும் எண்டு படிச்சன். முற்றத்தில நிண்டு பாத்தன், விழல்ல.

நீ பார்த்ததை நம்பு மகள். நம் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டு தரம்தான் சூரியன் நேர் உச்சிக்கு வரும்: ஏப்ரல் 8, 9, 10 அளவிலும், செப்டெம்பர் முதல் வாரத்திலும். மார்கழியில் உச்சி நிழல் வடக்கே நீளும், ஆனியில் தெற்கே சரியும். கடல் உனக்குக் கிழக்கு, அதை வைத்துத் திசை பிடி. இன்றைக்கே ஒரு குச்சியை நேராக நட்டு, 12 மணி கடந்து ஐந்து நிமிடத்தில் நிழல் நுனியில் ஒரு கல் வை. கிழமைக்கு ஒரு கல். ஏப்ரலில் கல் குச்சியடிக்கு வந்ததும் எனக்கு எழுது.